வளையத்துக்குள் குதிரை

சதுரங்கக் காய்களை ஒருமுறை வரிசையாக வைத்துப் பாருங்கள். சிப்பாய், கோட்டை, ராஜா, ராணி எல்லாமே உருண்டை வடிவம். மேலிருந்து பார்த்தால் வட்டத்துக்குள் வட்டம். மரத்துண்டைச் சுழலவிட்டு உளியைப் பிடித்தால் வந்துவிடும். குதிரை மட்டும் அப்படி வராது. அதன் அடிப்பீடத்தை லேத்தில் கடையலாம். கழுத்தையும் முகத்தையும் ஒருவர் உட்கார்ந்து கையால்தான் செதுக்க வேண்டும். மரத்தில் செய்த சதுரங்கப் பெட்டியில் அதிக வேலை வாங்கும் காய் குதிரைதான்.

லேத்தின் எல்லையே அதுதான். சுழலும் பொருளின் மீது ஒரு கூர்முனை படும்போது உருவாவது வட்டம் மட்டுமே. பம்பரம், கிண்ணம், கட்டில் கால், மரச்செப்பு எல்லாம் சரி. நான்கு கால்களும் நீண்ட முகமும் வாலும் கொண்ட ஒரு மிருகம் எப்படி வரும்? பல்கலைக்கழகப் பட்டறையில் லேத் முன் நின்ற எவரிடமும் கேளுங்கள், முடியாது என்றுதான் சொல்வார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

ஆனால் ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், செக் நாட்டு எல்லையை ஒட்டிய மலைகளுக்கு நடுவில், சைஃபன் என்ற சிற்றூரில் ஏறத்தாழ 1800ஆம் ஆண்டு முதல் லேத்தில் குதிரை செய்து வருகிறார்கள். பசு, ஆடு, யானை, மான் எல்லாமும்தான். ஒரே சமயத்தில் நாற்பது, ஐம்பது, அறுபது என்று செய்கிறார்கள். அந்தத் தொழில்நுட்பம் எனக்கு முதலில் ஒரு வடிவியல் புதிராகத்தான் அறிமுகமானது. பின்னால் போகப் போக அது பசியின் வரலாறாக மாறியது. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் முயற்சி.

வட்டத்தைப் பிளத்தல்

முதலில் புதிரை அவிழ்த்துவிடுகிறேன்.

ஸ்ப்ரூஸ் எனும் ஊசியிலை மரத்தின் அடித்தண்டைக் குறுக்கே அறுத்து, தடித்த வட்டத்துண்டு ஒன்றை எடுக்கிறார்கள். பெரிய இட்லிப்பானை மூடி அளவு, ஆனால் ஒரு சாண் அளவுக்குக்கூடத் தடிமன் இராது. மரம் காயக்கூடாது, ஈரமாக இருக்க வேண்டும். அதனால் தண்ணீரில் ஊறப்போட்டு வைத்திருப்பார்கள். அந்த வட்டத்தை லேத்தில் மாட்டிச் சுழலவிட்டு அதன் முகத்தில் உளியால் பள்ளங்களும் மேடுகளும் போடுகிறார் கடைசல்காரர். இந்தப் பக்கம் முடிந்ததும் திருப்பி மாட்டி மறுபக்கத்தைக் கடைகிறார். நடுவில் இருக்கும் மரத்தை நீக்கிவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரு வளையம். பார்ப்பதற்கு ஏதோ அலங்கார வேலைப்பாடு செய்த மரவளையல் மாதிரி இருக்கும். அதில் குதிரை எதுவும் தெரியாது.

பிறகு கத்தியை வளையத்தின் மேல் வைத்து ஒரு தட்டு. கேக் வெட்டுவதுபோல மையத்தை நோக்கிப் பிளக்கிறார். பிளந்த முகத்தைப் பார்த்தால் அங்கே ஒரு குதிரை நிற்கிறது. முதுகு, வயிறு, கால், கழுத்து, முகம் எல்லாம் பக்கவாட்டுத் தோற்றமாக முழுசாக இருக்கிறது. அடுத்த துண்டிலும் அதே குதிரை. வளையம் முழுக்கக் குதிரைகள் தோளோடு தோள் ஒட்டி நின்றிருக்கின்றன. முதலில் கடைந்தது வயிறும் கால்களும். திருப்பி மாட்டிக் கடைந்தது முதுகு.

கொஞ்சம் யோசித்தால் கணக்கு எளிமையானது. குதிரையின் பக்கவாட்டு உருவத்தை ஒரு அச்சைச் சுற்றி முழுவட்டமாகச் சுழற்றினால் என்ன திண்மம் கிடைக்குமோ அதுதான் அந்த வளையம். லேத் வழக்கம்போல வட்டத்தைத்தான் செய்கிறது. குதிரை அந்த வட்டத்தின் குறுக்குவெட்டில் ஒளிந்திருக்கிறது. பள்ளியில் படித்த தொகையீட்டுப் பாடத்தைத் தலைகீழாகப் பிடித்தது போன்ற யோசனை. ஆனால் இதைக் கண்டுபிடித்தவர்கள் தொகையீடு படித்தவர்கள் அல்லர்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, மரத்தோடு பழகியவர்களுக்குத்தான் அது உறைக்கும். வட்டத்துண்டு மரத்தண்டின் குறுக்குவெட்டு என்பதால் மரநார்கள் அதன் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்கு நேராக ஓடுகின்றன. குதிரை அந்த வளையத்தில் நிற்கும்போது அதன் கால்கள் நார் ஓடும் திசையிலேயே அமைகின்றன. நாருக்குக் குறுக்கே செதுக்கிய மெல்லிய கால் சட்டென்று ஒடிந்துவிடும். நாரோடு சேர்ந்து போகும் கால் குழந்தையின் கையிலும் தாக்குப்பிடிக்கும். மையத்தை நோக்கிப் பிளப்பதும் மரம் இயல்பாகவே விரும்பிப் பிளவுபடும் திசைதான். விறகு பிளந்தவர்களுக்கு இது தெரியும். ஆக வடிவம், வலிமை, பிளக்கும் வசதி மூன்றும் ஒரே முடிவில் அடங்கிவிடுகின்றன. வடிவமைப்பாளனாக நான் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

இதில் கஷ்டமான பகுதி, கடைசல்காரர் தான் செய்வதைப் பார்க்க முடியாது என்பதுதான். அவர் கண்ணெதிரே சுழல்வது பள்ளமும் மேடும் மட்டுமே. குதிரையின் காது எங்கே, முழங்கால் எங்கே என்பது அவர் மனதில்தான் இருக்கிறது. வளையம் பிளக்கும்வரை உருவம் வெளியே வராது. பல வருடப் பயிற்சி இல்லாமல் இது கைவராது. ரைஃபன்ட்ரேயன், அதாவது வளையக் கடைசல், என்ற இந்த வேலையைத் தொழிலாகச் செய்பவர்கள் இன்று உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். எல்லாரும் சைஃபனையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்தவர்கள்.

ஊரின் பெயரில் இருக்கும் ஈயம்

ஏன் அந்த ஊர்? இந்தக் கேள்விதான் என்னை மரத்திலிருந்து மண்ணுக்குக் கொண்டுபோனது.

சைஃபன் இருக்கும் மலைத்தொடரின் பெயர் எர்ட்ஸ்கெபிர்கே. தாது மலைகள் என்று பொருள். 1168 வாக்கில் ஃப்ரைபெர்க் பகுதியில் வெள்ளி கிடைத்ததிலிருந்து அந்த மலைகள் ஐரோப்பாவின் கஜானாக்களில் ஒன்று. மலையின் மறுபக்கத்தில், இன்றைய செக் நாட்டின் யாக்கிமோவ் என்ற ஊருக்கு ஜெர்மன் பெயர் யோவாக்கிம்ஸ்டால். அங்கே 16ஆம் நூற்றாண்டில் அடித்த வெள்ளி நாணயம் 'தாலர்' எனப்பட்டது. இன்று உலகம் முழுக்கச் சொல்லும் 'டாலர்' அதிலிருந்து வந்த சொல். அந்த ஊரில் மருத்துவராக இருந்த அக்ரிகோலா எழுதிய சுரங்கவியல் நூல் 1556இல் வெளிவந்தது. பொறியியல் வரலாறு பேசும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

சைஃபனுக்கு வாய்த்தது வெள்ளி அல்ல, வெள்ளீயம். 1324ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் அந்த இடம் 'சின்சிஃபன்' என்று பதிவாகியிருக்கிறது. 'சின்' என்றால் ஈயம். 'சைஃபன்' என்றால் ஓடும் தண்ணீரில் மண்ணை அலசி, கனமான தாதுத் துகளைப் பிரித்தெடுப்பது. மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஆற்றில் இறங்கி டூலாங் தட்டைச் சுழற்றி ஈயம் அலசிய பெண்களின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை நாம் பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறோம். அதே வேலைதான். அந்த வேலையையே ஊருக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

ஆற்றுமணலில் அலசிக் கிடைத்தது தீர்ந்தபின் பாறையைக் குடைந்தார்கள். பாறையிலிருந்து எடுத்த தாதுவை இடித்துத் தூளாக்க வேண்டும். அதற்கு நீர்ச்சக்கரத்தால் இயங்கும் இடிப்பாலைகள் வந்தன. சக்கரம் சுழலச் சுழல, இரும்புப் பூண் போட்ட பெரிய உலக்கைகள் வரிசையாக ஏறி விழும். அந்தப் பள்ளத்தாக்குகளில் வாய்க்கால், அணைக்கட்டு, சக்கரம், அச்சு எல்லாம் ஈயத்துக்காக உண்டானவை.

ஆனால் ஈயம் குறைந்துகொண்டே வந்தது. நல்ல தாது உள்ள இடங்கள் தீரத் தீர, சுரங்கக்காரர்களின் வருமானமும் தேய்ந்தது. மலை உயரமானது, குளிர் அதிகம், நிலம் மோசம். விவசாயத்தை நம்பிக் குடும்பத்தை ஓட்ட முடியாது. மிச்சமிருந்தது ஒன்றுதான்: காடு. சுரங்கத்தில் வேலை இல்லாத நாட்களில் மரத்தட்டும் கிண்ணமும் பொத்தானும் கடைந்து விற்க ஆரம்பித்தார்கள். 1699இல் யோஹான் ஃப்ரீட்ரிஷ் ஹீமன் என்பவர் சைஃபனின் மரச்சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு லைப்சிக் சந்தைவரை போனார் என்று ஊர் வரலாறு சொல்கிறது. மலைப்பாதையில் நூறு கிலோமீட்டருக்கும் மேல். பக்கத்தில் விற்க ஆள் இருந்தால் யாரும் அவ்வளவு தூரம் தள்ளமாட்டார்கள்.

உலக்கை நின்றது, சக்கரம் நிற்கவில்லை

இங்கே கொஞ்சம் நம் மொழிப் பக்கம் வந்துவிட்டுப் போகலாம். தமிழில் தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். இதற்கு நல்ல காரணம் இருக்கிறது. பழைய கடைசலில் மரத்துண்டைச் சுற்றி ஒரு கயிறு போட்டு இழுப்பார்கள். இழுத்தால் ஒரு பக்கம் சுழலும், விட்டால் மறுபக்கம் சுழலும், மத்து மாதிரியே. ஐரோப்பாவிலும் பழைய கடைசல் அப்படித்தான் இருந்தது. காலால் மிதித்தால் கயிறு இறங்கும், மேலே கட்டியிருக்கும் வளையும் கழி அதைத் திரும்ப இழுக்கும். உளி வெட்டுவது ஒரு திசையில் மட்டும். பாதி நேரம் மரம் சும்மா பின்னால் சுழலும்.

சின்னக் கிண்ணத்துக்கு இது போதும். ஈரம் குடித்த கனத்த வட்டத்துண்டை இப்படி முன்னும் பின்னும் சுழற்றிக் குதிரை கடைவது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. அதற்கு ஒரே திசையில் விடாமல் சுழலும் சக்தி வேண்டும். அந்தச் சக்தி சைஃபனில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஈயத்தை இடித்த ஆலைகள் ஒவ்வொன்றாகக் கடைசல் ஆலைகளாக மாறின. அதே வாய்க்கால், அதே சக்கரம். உலக்கைகளுக்குப் பதில் வார்ப்பட்டையும் லேத்துகளும். கடைசல்காரர்கள் அந்த ஆலைக்குள் ஆளுக்கொரு இடத்தை வாடகைக்குப் பிடித்து வேலை செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்படிப்பட்ட நீர்க்கடைசல் ஆலை ஒன்றை ஊரின் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

1849இல் சைஃபனின் சுரங்கத் தொழில் முடிவுக்கு வந்தது. ஊர் அதற்குள் முக்கால்வாசி வேறொரு ஊராகிவிட்டிருந்தது.

நான் படித்த சில குறிப்புகள் இந்த இடத்தை ஒரு மங்களமான கதையாகச் சொல்கின்றன. சுரங்கம் போனது, கலை வந்தது, கிறிஸ்துமஸ் வந்தது, சுபம். எனக்கு அதில்தான் தயக்கம். ஏனென்றால் அடுத்து நான் தெரிந்துகொண்டது அந்தக் குதிரையின் விலை.

அறுபதுக்கு ஒரு விலை

சைஃபனின் மரவிலங்குகள் ஒன்று இரண்டாக விற்பனையாகவில்லை. 'ஷோக்' என்ற கணக்கில் விற்பனையாயின. ஒரு ஷோக் என்றால் அறுபது. நாம் முட்டைக்கு டஜன் சொல்வதுபோல. அறுபது குதிரைக்கு இவ்வளவு, அறுபது ஆட்டுக்கு இவ்வளவு. அந்த விலையை நிர்ணயித்தவர்கள் கடைந்தவர்கள் அல்லர். ஃபெர்லேகர் எனப்பட்ட மொத்த வியாபாரிகள். அவர்கள்தான் வெளியூர் ஆர்டரைக் கொண்டுவருவார்கள், சரக்கை எடுத்துக்கொண்டு போவார்கள். போட்டியாளன் விலையைக் குறைத்தால் அந்தக் குறைவு மலையேறி வந்து கடைசல்காரர் வீட்டு அடுப்பில்தான் முடியும்.

இப்போது வளையக் கடைசலை மறுபடி பாருங்கள். ஒரு குதிரையைச் செதுக்கும் நேரத்தில் அறுபது குதிரை. அந்த அபாரமான வடிவியல் ஏன் அங்கே பிறந்தது என்பதற்கு வேறு பதில் தேவையில்லை. குறைந்த விலைக்கு ஈடுகொடுக்க எண்ணிக்கையைக் கூட்டியே ஆக வேண்டிய நெருக்கடியில் யாரோ ஒருவர் வட்டத்தைப் பிளந்து பார்த்திருக்கிறார்.

வளையம் பிளந்ததோடு வேலை முடிவதும் இல்லை. பிளந்த துண்டு ஆப்புபோல ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்திருக்கும். விளிம்பெல்லாம் கூராக இருக்கும். அதைக் கத்தியால் உருட்ட வேண்டும், காலைப் பிரிக்க வேண்டும், காதும் வாலும் ஒட்ட வேண்டும், வண்ணம் தீட்ட வேண்டும். கடைசலுக்கு ஆண்கள் ஆலைக்குப் போனார்கள். மீதி எல்லாம் வீட்டுக்குள். அம்மா, பாட்டி, பிள்ளைகள். 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் எர்ட்ஸ்கெபிர்கேயின் பொம்மைத் தொழில் குழந்தை உழைப்பில் ஊன்றி நின்றது என்பது மறைக்கப்பட்ட ரகசியம் அல்ல. பள்ளி முடிந்து வந்த பிள்ளை மேசைக்கு முன் உட்கார்ந்து பசுவுக்குப் புள்ளி வைத்தது.

அந்தப் பசுக்கள் எங்கே போயின என்பதுதான் மனதைப் பிசைகிறது. சைஃபன் பகுதியின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று நோவாவின் பேழை. ஒரு மரப்படகு, அதற்குள் ஜோடி ஜோடியாக விலங்குகள். பெரிய பேழைகளில் நூற்றுக்கணக்கில்கூட இருக்கும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பக்தியுள்ள குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை விளையாடக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. பைபிள் கதை என்பதால் பேழைக்கு மட்டும் விலக்கு. ஒரு குழந்தை ஓய்வுநாளில் விளையாட, மலைமேல் இன்னொரு குழந்தை வாரம் முழுக்கப் புள்ளி வைத்தது. இரண்டும் ஒரே பொம்மையைத் தொட்டிருக்கின்றன.

வாயைத் திறக்கும் ராஜா

டிசம்பர் வந்தால் கோலாலம்பூர் பேரங்காடிகளில் ஆளுயரத்துக்கு நிற்கும் சிவப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, பெரிய பல்வரிசை பொம்மையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நட்கிராக்கர். அதன் முன் செல்ஃபி எடுத்தவர்களில் பலருக்கும் அது சைகோவ்ஸ்கியின் பாலே நடனத்தோடு சம்பந்தப்பட்டது என்ற அளவில் தெரிந்திருக்கும். ஹாஃப்மன் கதை எழுதியது 1816, பாலே அரங்கேறியது 1892. ஆனால் இந்த உருவம், இந்த உயரமான தொப்பியும் முறைத்த முகமும், சைஃபன் கடைசலிலிருந்து வந்தது. 1870 வாக்கில் வில்ஹெல்ம் ஃப்ரீட்ரிஷ் ஃபூக்ட்னர் என்பவர் லேத்தில் கடைந்த நட்கிராக்கரை முறையாகத் தயாரிக்கத் தொடங்கினார். அவர் குடும்பத்தின் பட்டறை இன்றும் அந்த ஊரில் இயங்குகிறது.

கட்டுமானத்தைப் பார்த்தால் இது வளையக் கடைசலுக்கு நேர் எதிர்வேலை. தொப்பி, தலை, உடல், கால், கை என்று ஒவ்வொன்றும் தனித்தனி உருளை. தனித்தனியாகக் கடைந்து, துளையிட்டு, பசை போட்டுச் சேர்க்க வேண்டும். முதுகுப்பக்கம் வரும் நெம்புகோல்தான் தாடை. மேலே தூக்கினால் வாய் திறக்கும், கொட்டையை வைத்து அழுத்தினால் உடையும். ஒரு பொம்மைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வேலைப்படிகள்.

யாரை அப்படிச் செய்தார்கள் என்பது முக்கியம். ராஜா, போலீஸ்காரர், சிப்பாய், வனக்காவலர். மலைவாசியின் வாழ்க்கையில் அதட்டும் இடத்தில் இருந்த ஆட்கள் இவர்கள்தான். விறகு பொறுக்கப் போனால் பிடிக்கும் வனக்காவலர். வரி கேட்கும் அரசின் முகமான ராஜா. அவர்களைப் பல்லைக் காட்டிக்கொண்டு, சொன்னபடி கொட்டை உடைக்கும் வேலைக்காரர்களாக மேசைமேல் நிறுத்தினார்கள். இது எதிர்ப்பா என்றால், எதிர்ப்பு என்று யாரும் நிரூபிக்க முடியாத அளவுக்குச் சிறிய எதிர்ப்பு. அதுதான் அதன் பாதுகாப்பும். எனக்கு நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் ராஜாவைக் கிண்டல் பண்ணும் இடம் ஞாபகம் வந்தது.

அவர்கள் கடைந்த மற்ற மனிதர்கள் வேறு வகை. வயிற்றுக்குள் சாம்பிராணிக் கூம்பை வைத்தால் வாய்வழியே புகைவிடும் பொம்மை ஒன்று உண்டு. அதில் வருபவர்கள் தபால்காரர், தெருவியாபாரி, சுரங்கத் தொழிலாளி. அவர்களுக்குப் பல்லைக் கடிக்கும் வேலை கிடையாது. ஓய்வாக உட்கார்ந்தோ நின்றோ புகைபிடிக்கிறார்கள். ஓய்வு கிடைக்காதவர்களுக்கு ஓய்வைக் கடைந்து கொடுத்திருக்கிறார்கள்.

கையில் மெழுகுவர்த்தியோடு

எல்லா உருவங்களிலும் என்னை நிறுத்திவைத்தது சுரங்கத் தொழிலாளிதான். விழா உடையில், இரண்டு கையிலும் மெழுகுவர்த்தி பிடித்தபடி நிற்கிறார். பக்கத்தில் அதேபோல மெழுகுவர்த்தி ஏந்திய தேவதை. வீட்டில் எத்தனை மகன்களோ அத்தனை தொழிலாளிகள், எத்தனை மகள்களோ அத்தனை தேவதைகள் என்று ஜன்னலில் வைப்பது அந்த ஊர் வழக்கம். தெருவில் நடந்தால் ஒவ்வொரு வீட்டின் பிள்ளைகளையும் வெளிச்சத்தால் எண்ணலாம். ஜன்னல்களில் வளைவான ஒரு விளக்குச் சட்டமும் இருக்கும், பெயர் ஷ்விப்போகன். பரவலாகத் தெரிந்த அதன் வடிவத்தை 1937இல் பாவுலா யோர்டான் என்ற பெண் ஓவியர் வரைந்தார். அதில் சுரங்கத் தொழிலாளிகளும் மரம் செதுக்குபவரும் சரிகைப் பின்னல் பின்னும் பெண்ணும் இருக்கிறார்கள். அந்த மலை பிழைத்த மூன்று வழிகள் அவை.

அங்கே குளிர்காலத்தில் பகல் மிகக் குறுகியது. விடியுமுன் சுரங்கத்துக்குள் இறங்கி, பொழுது சாய்ந்தபின் ஏறியவர்கள் வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்கவில்லை. வெளிச்சத்தின் மீது அவ்வளவு பிரியம் வர வேறு காரணம் வேண்டாம்.

அந்த வெளிச்சத்தையும் மற்றவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். நாஜி அரசு குளிர்கால நிவாரண நிதி என்று வசூல் நடத்தியபோது, காசு போட்டவர்களுக்குக் கொடுத்த சின்ன மரப்பொம்மைகள் இலட்சக்கணக்கில் எர்ட்ஸ்கெபிர்கேயில் தயாராயின. வேலையில்லாத மலைக்கு அது வேலை. அதற்குள் இருந்த அரசியலும் அவர்கள் கையாலேயே வண்ணம் பூசப்பட்டுப் போனது. போருக்குப்பின் அந்தப் பகுதி கிழக்கு ஜெர்மனியானது. 1972இல் எஞ்சியிருந்த தனியார் பட்டறைகள் பலவற்றை அரசு எடுத்துக்கொண்டது. கடவுள் நம்பிக்கையை ஓரங்கட்டிய அரசு, தேவதைகளை மேற்கு நாடுகளுக்கு ஏற்றுமதி செய்து டாலரும் மார்க்கும் சம்பாதித்தது. உள்ளூர்க் கடையில் நல்ல பொம்மை கிடைப்பது அரிதாக இருந்தது. 1990இல் ஜெர்மனி ஒன்றான பிறகு பட்டறைகள் பழைய குடும்பங்களுக்குத் திரும்பின. சந்தையும் கூடவே வந்தது, மலிவான ஆசிய நகல்களோடு.

இந்த நகல்கள் பற்றிய ஆதங்கத்தைப் படிக்கும்போது ஒரு பக்கம் புரிகிறது. ஒரு பக்கம் சிரிப்பும் வருகிறது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் மலிவுக்கூலியால் உலகச் சந்தையை நிரப்பிய ஊர் சைஃபன்தான். இன்று அதே இடத்தில் வேறொரு நாட்டின் வேறொரு வீடு இருக்கிறது. பொம்மை உலகத்தில் யாராவது ஒருவர் எப்போதும் அறுபதுக்கு ஒரு விலை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

நம்முடைய ஈயம்

சைஃபனில் ஈயம் அடங்கிக்கொண்டிருந்த அதே 1840களில்தான் பேராக்கின் லாருட்டில் ஈயம் பெரிதாகத் தோண்டத் தொடங்கினார்கள். ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரே உலோகத்தின் இரண்டு ஊர்கள், ஒன்றின் அந்தி இன்னொன்றின் விடியல், அவ்வளவுதான். இங்கே ஈயத்தை ஏற்றிப் போக 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில்பாதை போட்டார்கள். இந்த நாட்டின் ரயில்பாதைகளில் தமிழர்களின் உழைப்பு எவ்வளவு என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு நம் முறையும் வந்தது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் விலையைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் விழுந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடின. இப்போது அங்கே குட்டைகள் இருக்கின்றன. சிலவற்றில் மீன் வளர்க்கிறார்கள், சிலவற்றைச் சுற்றி வீடமைப்புத் திட்டங்கள்.

2019இல் எர்ட்ஸ்கெபிர்கே சுரங்கப் பகுதி, செக் பக்கத்தோடு சேர்த்து, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதைப் படித்தபோது எனக்குப் பொறாமை வந்ததை மறுக்கமாட்டேன். பட்டியலுக்காக அல்ல. சுரங்கம் மூடி ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஒவ்வொரு டிசம்பரும் அந்தத் தொழிலாளி ஜன்னலில் வந்து நிற்கிறாரே, அதற்காக. டூலாங் தட்டோடு குனிந்து நின்ற பெண்ணையோ தண்டவாளம் தூக்கிய ஆளையோ நம் வீட்டில் எந்த அலமாரியில் வைத்திருக்கிறோம்?

அதே நேரம், அந்த ஜன்னல் எவ்வளவு கூலியில் வந்தது என்பதையும் மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன். கலையாக மாறிய எந்தத் தொழிலையும் நாம் அழகான முனையிலிருந்து பார்க்கத்தான் பழகியிருக்கிறோம். வளையத்தைப் பிளக்காமல் வெளியே இருந்து பார்ப்பது போல.

இன்று சைஃபனில் மரப்பொம்மை செய்பவர் என்பது முறையாகப் பயின்று சான்றிதழ் வாங்கும் தொழில். மூன்று வருடப் பயிற்சி. கையால் முடித்த ஒரு சிறு விலங்குக்கோ ஒரு நட்கிராக்கருக்கோ அவர்கள் கேட்கும் யூரோ விலையைப் பார்த்துவிட்டு, விரல் நீளப் பொம்மைக்கு இவ்வளவா என்று இணையத்தில் கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்த விலை சரியாகவே படுகிறது. பசுவுக்குப் புள்ளி வைத்த அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் கொடுக்காத காசு அது. கொஞ்சம் தாமதமாக, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது.